முகப்பருவும் பத்தியமும்

முகப்பரு உயிரைப் பறிக்கும் நோயன்று. ஆயினும் பதினாறு வயதில் அது தரும் துயரத்தைச் சிறியதென்று தள்ளிவிட இயலாது. கண்ணாடியைப் பார்க்கக் கூசும் பெண்ணும், நண்பர்களோடு நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ள மறுக்கும் பையனும் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள். பெண்ணுக்கு வரன் பார்க்கும் காலம் நெருங்கிவிட்டாலோ, அந்தத் துயரம் வீடு முழுவதற்கும் உரியதாகிவிடுகிறது. அப்போது ஆளுக்கொரு பத்தியம் சொல்வார்கள். எண்ணெய்ப் பண்டம் ஆகாது என்பார் பாட்டி. மாம்பழம் சூடு என்பார் அத்தை. இந்த மாத்திரையை விழுங்கினால் இரத்தம் சுத்தமாகும் என்பார் கடைக்காரர். இவற்றுள் மெய் எது, வெறும் நம்பிக்கை எது, தீங்கு எது என்று பிரித்துப் பார்ப்பதே இப்பேச்சின் நோக்கம்.

வேலூர், இராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் வாழ்வோரைச் சிறப்பாக மனத்திற்கொண்டு பேசுகிறேன். 2019 வரை ஒரே வேலூர் மாவட்டமாக இருந்த இப்பகுதி இன்று மூன்று மாவட்டங்களாகப் பிரிந்துள்ளது. எனினும் தோல் தொழில் இவ்வூர்களை இன்னும் ஒன்றாகவே பிணைத்து வைத்திருக்கிறது. தோலின் இயல்பை இவ்வூர் மக்களுக்கு எடுத்துச் சொல்வது எளிது. அன்றியும், பத்தியத்தால் தீரும் பருவையும் பத்தியத்தால் தீராத பருவையும் வேறுபடுத்தி அறியவேண்டிய தேவை பிற ஊர்களைக் காட்டிலும் இங்கேதான் மிகுதி.

பதனிட்டு முடிந்த ஆட்டுத் தோலை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அதன் மேற்பரப்பில் நுண்ணிய புள்ளிகள் தெரியும். மயிர் நின்ற இடங்கள் அவை. அவற்றின் அமைப்பைக் கண்டே இது ஆடு, இது மாடு என்று தொழிலறிந்தோர் கூறிவிடுவர். நம் முகத்தோலிலும் அத்தகைய மயிர்க்கால்கள் நிறைந்துள்ளன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிறியதோர் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. அது சுரக்கும் நெய்ப்பசை மயிர்க்காலின் வழியே வெளிவந்து தோலைக் காக்கிறது. பருவம் எய்தும் வயதில் ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன்கள் பெருகுகின்றன. அவை ஆண்களுக்கே உரியன அல்ல. பெண்களின் உடலிலும் உண்டு. அவற்றின் தூண்டுதலால் நெய்ப்பசை மிகுதியாகச் சுரக்கிறது. மயிர்க்காலின் வாயில் உதிரவேண்டிய தோலணுக்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு அடைத்துவிடுகின்றன. உள்ளே தேங்கிய பசையில், இயல்பாகவே நம் தோலில் வாழும் ஒருவகை நுண்ணுயிர் பெருகுகிறது. உடல் அதனை எதிர்க்கிறது. வீக்கமும் சிவப்பும் சீழும் தோன்றுகின்றன. முகப்பரு உண்டாகும் வகை இதுவே.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். பரு, கெட்ட இரத்தத்தின் அடையாளமும் அன்று, அழுக்கின் அடையாளமும் அன்று. மூக்கின் மேல் தெரியும் கரும்புள்ளிகூட அழுக்கினால் கறுத்ததன்று. அடைபட்ட பொருள் காற்றுப் பட்டு நிறம் மாறியதாலும், தோலின் இயல்பான நிறப்பொருளாலும் அது கறுத்திருக்கிறது. ஆகவே சோப்பைப் போட்டு நாளுக்குப் பத்து முறை தேய்த்துக் கழுவுவதால் தோல் புண்படுமேயன்றிப் பரு மறையாது.

இனி உணவுக்கு வருவோம். எண்ணெய் தின்றால் முகத்தில் எண்ணெய் வழியும் என்பது பலருடைய எண்ணம். வாயில் போன எண்ணெய் அப்படியே மயிர்க்கால் வழியாக வெளிவருவதில்லை. ஆம்பூர்ப் பிரியாணியின் மீது சுமத்தப்படும் பழியில் பெரும்பகுதி பொருந்தாப் பழி. தலையில் வைக்கும் எண்ணெயின் கதை வேறு. தலைமுடிக்குப் பூசும் நெய்ப்பசைகள் நெற்றியில் இறங்கி மயிர்க்கால்களை அடைப்பதால் உண்டாகும் பருவை 1970இல் அமெரிக்க மருத்துவர்கள் விரிவாக எழுதினார்கள். நெற்றியோரத்தில் மட்டும் பரு வருபவர்கள், இரவில் தலைக்கு எண்ணெய் வைத்துத் தலையணையில் முகம் புதைத்து உறங்கும் வழக்கத்தை மாற்றிப் பார்க்கலாம்.

அவ்வாறாயின் உணவுக்கும் பருவுக்கும் தொடர்பே இல்லையா? உண்டு. ஆனால் அது எண்ணெயைக் காட்டிலும் சர்க்கரையின் வழியாகவே மிகுதியாக வருகிறது. வெள்ளைச் சர்க்கரை, மைதா, நன்றாகத் தீட்டிய அரிசி ஆகியவை விரைவில் செரித்து இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகின்றன. அதை அடக்க உடல் இன்சுலினை மிகுதியாகச் சுரக்கிறது. இன்சுலின் உயரும்போது அதன் இனத்தைச் சேர்ந்த ஒரு வளர்ச்சிப் பொருளின் ஆற்றலும் உயர்கிறது. இவ்விரண்டும் சேர்ந்து ஆண்ட்ரோஜனுக்குத் துணைபோகின்றன. எண்ணெய்ச் சுரப்பிகளையும் தூண்டுகின்றன.

இதற்குச் சான்றாக இரண்டு ஆராய்ச்சிகளைக் குறிப்பிடுவேன். பாப்புவா நியூகினியைச் சேர்ந்த கிட்டாவா என்னும் தீவில் 1,200 பேரைப் பரிசோதித்த மருத்துவர்கள், ஒருவர் முகத்திலும் பருவைக் காணவில்லை என்று 2002இல் எழுதினார்கள். கிழங்கும் பழமும் தேங்காயும் மீனுமே அம்மக்களின் உணவு. ஆனால் அவர்களுடைய பரம்பரையும் வாழ்க்கையும்கூட நம்முடையவற்றிலிருந்து வேறுபட்டவை. உணவொன்றே காரணம் என்று துணிந்து கூற இயலாது. ஆதலின் சோதனை தேவைப்பட்டது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 15 முதல் 25 வயது வரையுள்ள 43 ஆண்களைக் கொண்டு 12 வாரம் நடத்திய சோதனை 2007இல் வெளியாயிற்று. ஒரு சாராருக்குச் சர்க்கரையை மெல்ல ஏற்றும் உணவும் புரதமும் தந்தனர். மற்றவர் வழக்கமான உணவை உண்டனர். முதற் சாராருக்குச் சராசரியாக 23 பருக்களுக்கு மேல் குறைந்தன. மற்றவருக்கு 12 குறைந்தன. முதற் சாராரின் உடல் எடையும் குறைந்தமையால், பலன் முழுவதும் உணவின் தன்மையால் வந்ததா, எடை குறைந்ததால் வந்ததா என்று பிரித்துக் கூற இயலவில்லை.

இந்த எண்களை மற்றொரு கண்ணாலும் நோக்கவேண்டும். பத்தியம் இருந்தவர்களுக்கும் பரு முற்றாக மறையவில்லை. பத்தியமே இல்லாதவர்களுக்கும் ஓரளவு குறைந்தது. யாரேனும் ஒருவர், இன்ன பொடியைத் தின்றேன், பரு குறைந்தது என்று கூறும்போது, தின்னாவிடினும் சிறிது குறைந்திருக்கும் என்பதை நாம் நினைவிற்கொள்ளுதல் நன்று. அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டு நூலிலும், உணவு முறையைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று போதவில்லை என்றே கூறியுள்ளது. எனவே உணவைத் துணையாகக் கொள்ளலாம். அதையே மருந்தாகக் கொள்ளலாகாது.

பாலைப் பற்றியும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 47,355 செவிலியரிடம் அவர்தம் பள்ளிப்பருவ உணவைக் கேட்டறிந்து 2005இல் எழுதிய ஆய்வில், பால் மிகுதியாகக் குடித்தவர்களிடையே, சிறப்பாகக் கொழுப்பு நீக்கிய பால் குடித்தவர்களிடையே, பரு சற்று மிகுந்திருந்தது. பல்லாண்டு கழித்து நினைவிலிருந்து சொன்ன விடைகள் அவை. தொடர்பைக் காட்டுமேயன்றிக் காரணத்தை நிறுவா. வளரும் பெண்ணுக்கு எலும்பு வலுப்பட வேண்டிய வயதில், பருவுக்கு அஞ்சிப் பாலை அடியோடு நிறுத்துவதை நான் ஒப்பமாட்டேன். ஆனால் உடற்பயிற்சிக் கூடங்களில் இளைஞர்கள் வாங்கிக் குடிக்கும் புரதப் பொடியின் நிலை வேறு. பாலின் தெளிநீரிலிருந்து எடுக்கும் அப்பொடியைத் தொடங்கிய பின் பரு பெருகிய இளைஞர்களைப் பற்றி 2012இல் மருத்துவர்கள் எழுதியுள்ளனர். அதை உண்பவர் சில வாரம் நிறுத்திப் பார்ப்பதால் இழப்பு ஒன்றுமில்லை.

இனி நம் வட்டாரத்துத் தட்டில் என்ன வைக்கலாம்? ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைகளில் பெண்களே பெருந்தொகையினராக வேலை செய்கின்றனர். விடியற்காலையில் வீட்டு வேலையை முடித்து, பசியோடு வண்டி ஏறி, இடைவேளையில் சர்க்கரை மிகுந்த தேநீரும் பன்னும் உண்பது எளிதில் வரும் பழக்கம். அந்தத் தேநீரில் சர்க்கரையைப் பாதியாக்கி, பன்னுக்குப் பதிலாகச் சுண்டலோ வேர்க்கடலையோ முட்டையோ கொண்டுபோனால், விலையுயர்ந்த எந்தப் பொடியும் செய்யாததை அது செய்யக்கூடும். சவ்வாது மலையில் விளையும் சாமையை வாரத்தில் சில நாள் சோறாக்கலாம். கேழ்வரகு நல்லதே, ஆயினும் நைசாக அரைத்துக் குழையக் காய்ச்சிய கூழ், தானியமாக உண்பதைவிட விரைவில் சர்க்கரையாகும் என்பதையும் அறிதல் வேண்டும். அரிசிச் சோற்றைக் கைவிட வேண்டியதில்லை. சோற்றைக் குறைத்துப் பருப்பையும் கீரையையும் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் போன்ற காய்களையும் கூட்டினால் போதும். ஆற்காட்டு மக்கன் பேடா விருந்து நாளுக்கு உரியதாக இருக்கட்டும்.

அடுத்து மாத்திரைகள். பருவுக்கென்று விற்பவற்றுள் ஓரளவேனும் சான்றுடையது துத்தநாகம். பிரான்சு நாட்டில் 332 நோயாளிகளை வைத்து மூன்று மாதம் நடத்திய சோதனை 2001இல் வெளிவந்தது. நாள்தோறும் 30 மில்லிகிராம் துத்தநாகம் பெற்றவர்களில் 31 விழுக்காட்டினர் தக்க பலன் கண்டனர். மினோசைக்ளின் என்னும் மருந்து உண்டவர்களில் 63 விழுக்காட்டினர் பலன் கண்டனர். துத்தநாகம் வீணானதன்று; ஆனால் மருந்துக்கு ஈடாகவும் இல்லை. வெறும் வயிற்றில் உண்டால் குமட்டும். நாளுக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் நெடுநாள் உண்டால் உடலில் செம்புச் சத்துக் குறைந்து சோகை வரலாம். இறைச்சி, முட்டை, கொண்டைக்கடலை, எள் ஆகியவற்றிலேயே துத்தநாகம் இருக்கிறது. பயறுகளை முளைகட்டினாலும், இட்லி மாவைப் போல் புளிக்கவைத்தாலும் அச்சத்தை உடல் எளிதில் ஏற்கும்.

வைட்டமின் ஏ பருவுக்கு நல்லது என்று கேள்விப்பட்டு மிகுதியாக விழுங்குவோர் உண்டு. பருவின் கடுமையான நிலைக்கு மருத்துவர் தரும் ஐசோட்ரெட்டினாயின் அந்த இனத்தைச் சேர்ந்ததே. கருவுற்ற பெண் அதை உண்டால் குழந்தைக்குப் பெரும் ஊனம் நேரலாம். வைட்டமின் ஏ மாத்திரையும் அளவு மீறினால் ஈரலுக்கும் கருவுக்கும் கேடு செய்யும். முருங்கைக்கீரையும் பப்பாளியும் தரும் சத்துக்கு இந்த அச்சம் இல்லை. வைட்டமின் பி12 பற்றி ஒரு செய்தி வியப்பளிக்கும். அது சிலருக்குப் பருவைக் கூட்டுகிறது என்பதையும், தோலில் வாழும் நுண்ணுயிரின் நடத்தையை மாற்றுகிறது என்பதையும் 2015இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. சத்துக் குறைவுக்காக மருத்துவர் தந்த பி12ஐ நிறுத்தவேண்டாம். அழகுக்காகத் தாமே ஊசி போட்டுக்கொள்வோர் மட்டும் இதைச் சிந்திக்கவேண்டும்.

குரோமியத்தைக் குறிப்பிடாமல் இவ்வட்டாரத்தாரிடம் விடைபெறல் ஆகாது. தோல் தொட்டிகளில் தோலுக்கு நீல நிறம் ஏற்றும் அதே உலோகம், இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் என்று சொல்லி மாத்திரையாகவும் விற்கப்படுகிறது. குரோமியம் சேர்ந்த ஈஸ்டு பருவுக்கு உதவுமா என்று வினவும் சிறு கட்டுரை ஒன்று 1984இல் வெளிவந்தது. அவ்வினாவைப் பெரிய சோதனை எதுவும் உறுதிசெய்யவில்லை. குரோமியம் உடலுக்கு இன்றியமையாத சத்து என்பதற்கே நம்பத்தக்க சான்றில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2014இல் முடிவு கூறியது. தோல் பதனிடப் பயன்படுவது மும்மதிப்புக் குரோமியம். நிலத்தையும் நீரையும் கெடுத்துப் பேர்பெற்ற அறுமதிப்புக் குரோமியம் வேறு. மாத்திரையில் இருப்பதும் மும்மதிப்பே. எனினும் பயன் உறுதிப்படாத ஒன்றைக் காசு கொடுத்து விழுங்குவானேன்?

இயற்கைப் பொருள் ஆயிற்றே, தீங்கு செய்யுமா என்று சிலர் வினவலாம். ஆவாரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பூவைக் குளியல் பொடியில் சேர்ப்பது நம் வழக்கம். அதன் பட்டையைக்கொண்டே குரோமியம் வருமுன் தென்னாட்டில் தோல் பதனிட்டார்கள். பச்சைத் தோலை அழுகாப் பொருளாக மாற்றும் வலிமை அப்பட்டையின் துவர்ப்புக்கு உண்டு. துவர்ப்பான கஷாயங்களை உணவோடு சேர்த்து நாள்தோறும் குடித்தால், உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பது குறையும். செடியில் விளைந்தது என்பதனாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. அதன் அளவையும் செயலையும் பார்க்கவேண்டும்.

இதுவரை கூறியது வயதினால் வரும் பரு. தொழிலினால் வரும் பரு ஒன்று உண்டு. எந்தப் பத்தியமும் அதைத் தொடாது. இயந்திரத்துக்கு எண்ணெய் இடுவோருக்கும், தோலை மென்மையாக்க எண்ணெய்க் கலவை சேர்ப்போருக்கும், எண்ணெயில் ஊறிய உடை நாள் முழுவதும் உராயும் முன்கையிலும் தொடையிலும் கொப்புளங்கள் எழலாம். உடையை மாற்றுவதும், பணி முடிந்ததும் கழுவுவதும், காப்புறை அணிவதுமே அதற்குப் பரிகாரம். சில குளோரின் சேர்மங்கள் உடலில் சேர்ந்தால் கன்னத்து எலும்பின் மேலும் காதின் பின்னும் கரும்புள்ளிகளும் கட்டிகளும் எழும். தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்க முன்பு பயன்பட்ட பென்டாகுளோரோபீனால் அத்தகையது. அதைக் கையாண்ட தொழிலாளருக்கு இப்பரு வந்ததை மருத்துவ நூல்கள் கூறுகின்றன. ஜெர்மனி 1989இல் அதைத் தடைசெய்தபோது நம் தோல் ஏற்றுமதி அதிர்ந்தது. தொழிற்சாலைகள் வேறு பொருளுக்கு மாறவேண்டியதாயிற்று.

உணவே இவ்வகைப் பருவைத் தந்த நிகழ்ச்சியும் உண்டு. 1968இல் மேற்கு ஜப்பானில் ஓர் ஆலையில், சூடேற்றும் குழாயிலிருந்து கசிந்த குளோரின் சேர்மம் அரிசித் தவிட்டு எண்ணெயில் கலந்தது. அந்த எண்ணெயை உண்ட ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். முகத்திலும் உடலிலும் எழுந்த கடும் பருக்களே அந்நோயைக் காட்டிக்கொடுத்தன. ஆகவே ஒரே பணியிடத்தில் பலருக்கு ஒரே காலத்தில் பரு எழுந்தால், ஒவ்வொருவரையும் பத்தியம் இருக்கச் சொல்வது முறையன்று, பணியிடத்தை ஆராயவேண்டும். அரிப்பும் வெடிப்பும் மிகுந்திருந்தால் அது பருவாக இராமல், குரோமியத்தினாலோ பசையினாலோ வந்த ஒவ்வாமையாகவும் இருக்கலாம்.

இவை எல்லாவற்றினும் நான் அஞ்சுவது ஒரு சிறு களிம்புக் குழாயை. நிறம் கூடும், பரு மறையும் என்று தோழி தோழிக்குத் தரும் களிம்புகள் பலவற்றில் பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்து உண்டு. முதல் வாரம் முகம் பளிச்சென்று தெரியும். பின்னர் தோல் மெலிந்து, சிவந்து, மயிர் அடர்ந்து, பரு முன்னிலும் பன்மடங்காக எழும். நிறுத்தினால் எரியும், ஆதலால் நிறுத்த இயலாமல் மீண்டும் பூசுவார்கள். 2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று ஆணையிட்டது அதனாலேயே. பத்தியம் பலிக்காத பெண் அடுத்துக் கையிலெடுப்பது பெரும்பாலும் இக்குழாயைத்தான். பத்தியத்துக்கு அளவு மீறிய புகழ் கொடுப்பதன் தீமை இங்கேதான் இருக்கிறது.

ஆதலின் நான் கூறும் வழி எளியது. சர்க்கரையும் மைதாவும் குறைந்த உணவை மூன்று மாதம் கைக்கொள்ளுங்கள். ஒரு பரு கண்ணுக்குத் தெரியுமுன் பல வாரம் உள்ளே உருவாகிறது. ஆகையால் பத்து நாளில் பலன் தேடக்கூடாது. அம்மூன்று மாதமும் மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தாதீர்கள். பருவைக் கிள்ளவேண்டாம், எலுமிச்சைச் சாற்றையும் பற்பசையையும் பூசவேண்டாம். கட்டிபோல் பெரிதாக வந்தாலும், குழி விழத் தொடங்கினாலும், உடனே தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். விழுந்த குழியை எந்த உணவும் நிரப்பாது. மாதவிலக்குத் தவறுவதும், முகவாயில் மயிர் வளர்வதும், எடை கூடுவதும் பருவோடு சேர்ந்து வந்தால், சினைப்பையில் கோளாறு இருக்கலாம். அதைப் பெண் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். உன் தீனியால் வந்த வினை இது என்று குழந்தையைக் கடிந்துகொள்ளாதீர்கள். வளரும் வயதும் பிறந்த பரம்பரையும் அதற்குப் பெருங்காரணங்கள். அவை இரண்டும் அக்குழந்தை தேடிக்கொண்டவை அல்ல. வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனிப் பத்தியம் விதிக்காமல், எல்லோரும் சேர்ந்து சர்க்கரையைக் குறைத்தால் அந்த முகத்திற்கும் நலம். நீரிழிவு பெருகிவரும் இந்நாட்டில் பெரியவர்களுக்கும் நலமே.